குரோமியத் தொட்டியை மூடத் தேதி சொல்லுங்கள்

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் பீம்ராவ் அவர்களே, முன்வரிசையில் மூச்சிரைக்க அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களே, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த என் தாய்மார்களே, கடைசியில் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் ஐயா அவர்களே, வணக்கம்!

என் வீட்டுக்காரர் ரகுபதியின் படத்தைத் திறந்து வைக்க இந்த முத்தம்மாவை அழைத்தீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கு மேடை தெரியாது, மீன் தெரியும்.

ஒருநாள் அவர், நான் கொட்டுவதற்கு ஒதுக்கிவைத்த கெட்டுப்போன சங்கரா மீனை எடுத்து வறுத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். "இன்னா மச்சான், மூக்க கம்பெனிலயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டேன். "சும்மா இருமே, ஜலதோஷம்" என்றார். ஜலதோஷமா அது? டாக்டர் ஒரு மூக்குத்துளையில் விளக்கைக் காட்டினார். மறு துளையில் வெளிச்சம் வந்தது! கம்பெனியில் அவர் நின்று வேலை பார்த்த குரோமியத் தொட்டியின் ஆவி மூக்கின் நடுச்சுவரைத் தின்றிருந்தது. பிறகு நுரையீரலைத் தின்றது. பிறகு அவரையே தின்றது.

குரோமியம் இல்லாமல் கம்பெனி அந்தத் தொட்டியில் செய்யும் மருந்துச் சரக்கைச் செய்யவே முடியாதா? முடியும்! கம்பெனி லேபிலேயே கீர்த்தி என்ற பெண் செய்து காட்டினாள். ஆர்கானிக் ராடிகல் என்று ஓர் ஆரஞ்சுத் தூள். அதில் ஒரு சிட்டிகையும் பிளீச்சிங் தண்ணீரும் போதும். குரோமியம் போல எந்த உலோகமும் வேண்டாம்.

பின்னால் என்ன சத்தம்? "இன்னாக்கா சொல்ற, பிரியலயே"வா? எனக்கும்தான் புரியவில்லை, அவளையே கேட்டேன். "அதுல ஜோடி இல்லாத எலெக்ட்ரான் ஒண்ணு கீதுக்கா. தனியா நிக்கிறதாலதான் சும்மா இருக்காது, வேலை செஞ்சுகினே இருக்கும்" என்றாள். ஜோடி இல்லாமல் நிற்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பதினொரு முறை செய்தாள். பதினொரு முறையும் சரக்கு சரியாக வந்தது. கம்பெனி என்ன சொன்னது? இன்னொரு முறை பார்ப்போம். மழை முடியட்டும், பார்ப்போம். மும்பையிலிருந்து பெரியவர் வரட்டும், பார்ப்போம். ஐயா, அந்தத் தூளைப் பதினொரு முறை பார்த்தீர்களே, குரோமியத்தை ஒரு முறையாவது இப்படிப் பார்த்தீர்களா?

கை தட்டாதே தம்பி, எரிச்சலாக வருகிறது. தட்டினால் தொட்டி மூடிக்கொள்ளுமா?

நாளைக் காலை ஷிஃப்டிலும் அந்தத் தொட்டியருகே நிற்கப்போகிறவர், இதோ மாலையோடு நிற்கும் பாஸ்கல். சற்று முன், "ஊதுபத்தி நெடி தாங்கலியா, தள்ளி வைக்கட்டா?" என்று அவரைக் கேட்டேன். "இன்னா நெடி, யக்கா?" என்றார்.

கேட்டீர்களா ஐயா?

திரையை நான் விலக்க மாட்டேன். தொட்டியை மூடும் தேதியைச் சொல்லுங்கள், பிறகு படத்தைத் திறக்கிறேன். வேலை விட்டு வந்த எல்லோருக்கும் என் நன்றி. மைக்செட்டுக்காரரே, அணைத்துவிடாதீர்கள். ஐயா பேசப் போகிறார். வணக்கம்!