ஸ்பானரோட வாங்கண்ணே

அங்க இல்லண்ணே, அங்க இல்ல! அந்தக் குழாய் நல்லாத்தான் இருக்கு. ஒழுகறது வந்து... இருங்க, காட்டறேன், என்ன அவசரம். முதல்ல உக்காருங்க. ஸ்பானரை மேசை மேலயே வைங்க, பரவால்ல. இந்தாங்க, இந்தச் செருப்பைப் போட்டுக்கோங்க. என் பொண்ணோடது. முயல் காது வெச்சதுதான், என்ன பண்றது, வீட்ல ஆம்பளைச் செருப்பு கெடையாது. அட, உங்களுக்கு நல்லாவே இருக்கு!

டீ குடிக்காம எல்லாம் விடமாட்டேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, வீட்டுக்கு வந்த மனுஷனை வெறும் வாயோட அனுப்புனியாடி பால்ஜான்னு போன்லயே பிச்சிடும். பவுர்சாக் எடுத்துக்கோங்க, உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க, இப்பத்தான் எண்ணெய்லேர்ந்து எடுத்தேன். நேத்து முற்றத்துல தொப்பியில்லாம நின்னீங்களே, ஏண்ணே? இந்தக் கராகண்டா குளிர்ல காது கழண்டு கைல வந்துடும். ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

உங்க கூரையா? நனையாதுண்ணே. என்னை நம்புங்க.

எவால்ட் அண்ணே, பாருங்க, நீங்க மூணாம் மாடி, நான் உங்க தலைக்கு மேல நாலாம் மாடி. இத்தனை வருஷமா ஒரே படியில ஏறி எறங்கறோம், வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. இந்தக் குளிர்காலத்துலதான் பேச ஆரம்பிச்சோம், அதுவும் குழாய் வழியா. மன்னிப்பெல்லாம் எதுக்கு! நீங்க தட்டினதுக்கு நான் கோவிச்சுக்கல. அந்த மூலைல நிக்குது பாருங்க, அதான் எல்லாத்துக்கும் காரணம். பேஸ் கிட்டார்.

நான் எங்கண்ணே வாங்கினேன்? எங்க பர்னிச்சர் கடைல புத்தாண்டு விருந்துல குலுக்கல் நடத்தினாங்க. எனக்கு எலக்ட்ரிக் குக்கர் மேல ஒரு கண்ணு. அது கல்லாவுல உக்கார்ற கால்யாவுக்கு விழுந்துச்சு. அவளுக்கு வெந்நி வைக்கவே தெரியாது! எனக்கு இது. நாலு கம்பி, ஒவ்வொண்ணும் துணி காயப்போடற கயிறு கணக்கா. நம்ம தோம்ப்ராவுக்கு ரெண்டே கம்பி, அதையே வாசிக்கத் தெரியாத குடும்பம் எங்க குடும்பம். வித்துடலாம்னு போட்டோ புடிச்சுப் போட்டேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஒரு நாள் தூசி தட்டறேன், விரல் பட்டுடுச்சு. டூம்ம்... வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுச்சுண்ணே. நாப்பத்தெட்டு வயசுல வயித்துக்குள்ள அப்படி ஆச்சுன்னா விடுவேனா?

டெலிகிராம்ல பேஸ் பழகறவங்க குழு ஒண்ணு இருக்கு, பேரு தடிக்கம்பி. எல்லாம் என்னை மாதிரி அரைகுறைங்கதான். அங்க ஒரே ஒரு சட்டம். யாரையாவது பாராட்டணும்னா, முதல்ல நீ இன்னிக்கு என்ன சொதப்பினேன்னு சொல்லணும். சும்மா சூப்பர்னு போட்டா தூக்கி எறிஞ்சுடுவாங்க. முதல் தடவை வாசிச்சு அனுப்பினேன். அஞ்சாறு டூம், நடுவுல ரெண்டு கொர்ரு. உடனே ஓஷ் ஊர்ல ரொட்டி சுடற ஐகானிஷ் எழுதறா, அக்கா பிரமாதம், நான் இதைப் பழகிட்டே ஒரு அடுப்பு ரொட்டியைக் கரியாக்கிட்டேன், முதலாளி விரட்டிட்டு வர்றான்னு. போபுர்னு ஒரு லாரிக்காரத் தம்பி, அக்கா விட்டுடாதீங்க, நான் ஒரு மாசமா கம்பியையே தலைகீழா மாட்டி வெச்சிருக்கேன், இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுன்னு. சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. பொண்ணு படிக்க அல்மாட்டி போனதுக்கப்புறம் இந்த வீட்ல சத்தமா சிரிச்சது அன்னிக்குத்தான்.

ஆங், குழாய். வர்றேன் வர்றேன்.

சத்தம் பெருசாக்கற பெட்டி என்கிட்ட இல்ல. பெட்டி இல்லாம வாசிச்சா கொசு ரீங்காரம்தான். போபுர் சொன்னான், அக்கா, கிட்டாரோட தலையை கெட்டியா எதுலயாவது சாய்ச்சு வெச்சு வாசிங்க, நல்லா கேக்கும், நான் லாரிக் கதவுல சாய்ச்சுத்தான் வாசிக்கறேன்னு. இந்த வீட்ல கெட்டியா என்ன இருக்கு? பீரோ தொட்டா ஆடும். சரின்னு இந்தச் சுடுதண்ணிக் குழாய்ல சாய்ச்சேன். அடேயப்பா, என்ன சத்தம்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அஞ்சு மாடிக்கும் ஒரே குழாய்தான்னு மண்டைல ஏறவேயில்ல. மேல் வீட்டுப் பெரியவர், அடியில நிலக்கரிச் சுரங்கம் இடியுதுன்னு பனியன் ஜட்டியோட, பாஸ்போர்ட்டைக் கைல புடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாரே! நீங்களும் ஜன்னல் வழியா பாத்தீங்களா? சிரிக்காதீங்க, பாவம்.

அப்பத்தான் நீங்க கீழேர்ந்து குழாயைத் தட்டினது. டங்! டங்! டங்! நான் பயந்து போயி கட்டடத்து வாட்ஸப்ல மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வேணும்னா நீங்களும் தடிக்கம்பியில வந்து சேருங்கன்னு வாய்க்கொழுப்புக்கு ஒரு வரி வேற. ஆனா வாசிக்கறதை விடல. நீங்களும் தட்டறதை விடல. ஒரு நாள் பாக்கறேன், என் விரல் சரியா உங்க தட்டு மேல விழுது! அடுத்த நாள் நான் தடுமாறினா நீங்க நிதானமாக்கறீங்க. அண்ணே, கோபத்துல தட்டற மனுஷன் நடுநடுவுல குட்டியா ஒரு டிக்கிடிக்குச் சேர்ப்பாரா? சொல்லுங்க. சரி, சொல்லாதீங்க, பவுர்சாக் சாப்பிடுங்க.

குழுவுல இன்னொருத்தர் இருக்கார், அவரையும் சொல்லிடறேன். பேரு முள்ளம்பன்றி. ஒரு தடவைகூட வாசிச்சு அனுப்பினதில்ல. ஆனா சட்டத்தை மீற மாட்டார். இன்னிக்கு சூப்புல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன், பால்ஜான் வாசிச்சது நல்லாருக்கு. அவ்ளோதான் எழுதுவார். அந்த ஒத்தை வரிக்காக நான் வேலை முடிஞ்சு ஓட்டமா வருவேன்னா பாத்துக்கோங்களேன்.

இப்ப விஷயம் என்னன்னா, வர்ற சனிக்கிழமை அல்மாட்டில எல்லாரும் நேர்ல கூடறாங்க. புதுசா சேர்ந்தவங்க ஆளுக்கொரு பாட்டு மேடையேறி வாசிக்கணும். லிஸ்டுல முதல் பேரு யாரு? நான்தான்! பொண்ணு அவ கூட்டாளிங்களைத் திரட்டிட்டு வர்றா. போன வாரம் நீங்க தெமிர்தாவ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டீங்க இல்ல? குழாய்ல தட்டே இல்ல. வாசிச்சுப் பாக்கறேன், ரெண்டு வரி தாண்டல, தேர் கவுந்துடுது. போன்ல மேளத்தைப் போட்டா அது பாட்டுக்கு ஓடுது, எனக்காக நிக்கவே மாட்டேங்குது. அப்பத்தான் உறைச்சுது. எனக்கு பேஸ் வாசிக்கத் தெரியாதுண்ணே. உங்க தட்டோட சேர்ந்து வாசிக்கத்தான் தெரியும். பயமாயிடுச்சு. பொண்ணு முன்னாடி அசிங்கப்படணுமான்னு இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை முதல் தடவை வாசிச்ச கண்றாவியை அப்படியே குழுவுல போட்டு, என்னால முடியல, நான் வரல, மன்னிச்சுடுங்கன்னு எழுதிட்டு, போனை சமையல்கட்டுல சார்ஜ் போட்டுட்டேன். அழுகை அழுகையா வருது. மனசு கேக்காம ரெண்டாவது தடவை வாசிக்கறேன், கீழ உங்க கதவு சத்தம். மூணாவது தடவை தொடங்கறேன், டங்... டங்... வந்துட்டீங்க! முழுப் பாட்டும் தண்ணியா ஓடுச்சுண்ணே. கடைசியில நானே கை தட்டிக்கிட்டேன்.

என்னது? எழுந்திரிக்காதீங்க. குழாய் ஒழுகல. ஒழுகவே இல்ல. சும்மா சொன்னேன்.

கோவமா? இல்லைல்ல? அப்ப கேளுங்க. அன்னிக்கு போனை எடுத்துப் பாத்தா முள்ளம்பன்றி எழுதியிருக்கார். இன்னிக்கு பஸ்ல தொப்பியை விட்டுட்டு வந்துட்டேன், பால்ஜான் வராம இருக்கக் கூடாது, மூணாவது தடவை அழகா வந்துச்சேன்னு.

நான் அனுப்பினது முதல் தடவை மட்டும்தாண்ணே.

காது எதுக்கு இப்படிச் சிவக்குது, குளிரா? டீயைக் கீழ வைக்காதீங்க, ஆறிடும். ரயில் டிக்கெட் ரெண்டு எடுத்துட்டேன், கீழ் பெர்த் உங்களுக்கு. பொண்ணை அனுப்பி அந்த ஹாலையும் பாத்துட்டு வரச் சொன்னேன், மேடைக்குப் பின்னாடியே சுடுதண்ணிக் குழாய் போகுதாம், நல்ல தடியா. அந்த ஸ்பானரை மட்டும் மறந்துடாதீங்க. சரி, சர்க்கரை எத்தனை கட்டி போடட்டும், முள்ளம்பன்றி அண்ணே?