கரகரத்த தொண்டைப் பெட்டை

"எல்லாம் அந்தப் பெட்டையால வந்தது, டெல்மர்—"

"பெட்டை மேல ஏன் பழியைப் போடுறே? நீ கூப்பிடுற லட்சணத்துக்கு—"

"என் கூப்பாட்டுக்கு என்ன குறை? நான் கூப்பிட்டேன், சேவல் பதில் கொடுத்துச்சு. மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும்—"

"மறுபடியும் பதில் கொடுத்துட்டு, வேற வீட்டுக்கு விருந்துக்குப் போயிருச்சு."

"குறுக்க அந்தக் கிழவி புகுந்துட்டாடா. தொண்டையில சரளைக்கல்லைப் போட்டு அரைச்ச மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டு எந்தச் சேவலாவது போகுமா?"

"போச்சே, ஆர்லிஸ். வருஷா வருஷம் போகுதே."

நான் அடுப்பில் கிரேவியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கிரேவியை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினால் கட்டி தட்டிவிடும். அதனால்தான் நான் அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆர்லிஸ் என் கணவர். டெல்மர் அவருடைய தம்பி. மனைவி போன பிறகு அவனுக்கு இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வசந்தம் பிறந்து வான்கோழி வேட்டை தொடங்கிவிட்டால் இருவரும் வேறெதுவும் பேசமாட்டார்கள். எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். அதில் ஒரு மேடு, மேட்டில் ஒரு வான்கோழிச் சேவல்.

இந்த வேட்டையில் பறவையைத் தேடிப் போகக் கூடாது. அது நம்மைத் தேடி வர வேண்டும். மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, கையளவு மரப்பெட்டி ஒன்றின் மூடியைத் தேய்த்தால், பெட்டை கூப்பிடுவது போல் சத்தம் வரும். சேவலுக்குச் சபலம் இருந்தால் வரும். ஆனால் பக்கத்தில் நிஜப் பெட்டை ஒன்று வாயைத் திறந்துவிட்டால் முடிந்தது. பெட்டியைத் தேய்க்கிறவர் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆர்லிஸ் அந்த மேட்டுச் சேவல்மீது ஒரு சபதம் வைத்திருந்தார். அதைச் சுட்டு வீழ்த்திய அன்றே துப்பாக்கியைத் துடைத்து மாட்டிவிட்டு, வீட்டை விற்றுவிட்டு, டெக்சாஸ் கடற்கரைக்குப் போய்விடுவது. டெல்மர் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைகள் பார்த்து வைத்திருந்தான். குளிர் கிடையாது, விறகு பிளக்க வேண்டாம், வாசலில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் என்பான். நல்ல யோசனைதான். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு என் அடுப்படி ஜன்னல் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஆகவே நான்தான் அந்தப் பெட்டை.

ஆர்லிஸ் ஒரு நாள் பழைய மரப்பெட்டி ஒன்றைக் குப்பையில் எறிந்தார். "இது என்ன, சளி பிடிச்ச கிழவி மாதிரி கத்துது" என்றார். நான் அதை எடுத்துத் துடைத்து, ஈரம் படாமல் ரொட்டிப் பையில் சுற்றி வைத்தேன். மறுநாள் விடிவதற்கு முன் அவர் டிரக்கில் காட்டின் நுழைவுக் கேட்டுக்குப் போனார். நான் கொல்லை வேலியைத் தாண்டி, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் தேவதாரு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மூடியை நாலு இழுப்பு இழுத்தேன். சேவல் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசி, இப்படி ஒரு சுற்று அப்படி ஒரு சுற்று ஆடிக் காட்டியது. நாற்பது வருடமாக ஆர்லிஸோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்காக அவர் ஒருமுறைகூட அப்படி ஆடியதில்லை.

எங்கே போய் வருகிறாய் என்று அவர் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் காளான் பை வைத்திருப்பேன். எங்கள் ஊரில் வசந்தக் காளான் எங்கே கிடைத்தது என்று கட்டின மனைவியிடம்கூடக் கேட்க மாட்டார்கள். அது மரியாதை. வெண்ணெயில் வறுத்துக் கொடுத்தால் பேசாமல் சாப்பிடுவார்கள்.

ஒவ்வொரு வசந்தமும் இப்படியே போயிற்று. இந்த வருடம் மார்ச்சில் ஆர்லிஸுக்குக் கண்புரையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். டாக்டருக்குப் போன் செய்து, வேட்டை முடியட்டும் என்று நான்தான் தள்ளிவைத்தேன். கண் நன்றாகத் தெரிந்தால் தூரத்துச் சேவல்கூட அகப்பட்டுவிடும் அல்லவா.

கடைசி வாரம் டெல்மர் என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

வேறெங்கோ உட்கார்ந்திருந்தவன், அந்தக் கரகரத்த குரலைக் கேட்டு மெல்ல வந்திருக்கிறான். தேவதாருவின் தாழ்ந்த கிளையை விலக்கிப் பார்த்தால், மடியில் பெட்டியோடு நான்.

அவன் தொப்பியைக் கழற்றினான். அதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"கும்பிடுறேன் பெட்டையம்மா. முட்டை எத்தனை ஆச்சு?"

"மெதுவாப் பேசு, டெல்மர்."

"அண்ணன் ஆறு வருஷமா உன்னைத்தான் திட்டிக்கிட்டு இருக்கானா? உன் கையால சாப்பிட்டுக்கிட்டே?"

"சாப்பாட்டைக் குறை சொன்னதில்லையே."

"இதை நான் ஒளிச்சு வெக்க முடியாது வெல்டா. என் வயிறு வெடிச்சிரும். ஞாயித்துக்கிழமையோட வேட்டை முடியுது. அன்னிக்கு ராச்சாப்பாட்டுல சொல்றேன். அவன் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு."

டெல்மர் கெட்டவன் இல்லை. சங்கடமே அதுதான். கெட்டவனாக இருந்தால் ஏதாவது கொடுத்து வாயை அடைக்கலாம். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சிரிப்பு. ஆர்லிஸும் சிரிப்பார், முதலில். பிறகு யோசிப்பார். அடுத்த வசந்தம் என் காளான் பையைப் பார்ப்பார். அதற்கடுத்து டெக்சாஸ்.

அதனால் நான் அவனுக்கு இன்னும் பெரிய சிரிப்பு ஒன்றைக் காட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை சொன்னா உன்னை நம்ப மாட்டார்" என்றேன். "சனிக்கிழமை காலையில நான் வீட்டுல அடுப்புகிட்ட இருக்கேன். நீ இங்க வந்து இதைத் தேய். அவர் வந்து, அந்தக் கிழவி இன்னிக்கும் கெடுத்துட்டான்னு குதிப்பார். அப்ப நீ சட்டைக்குள்ள இருந்து பெட்டியை எடுத்து மேசையில வை. அப்புறம் மிச்சத்தைச் சொல்லலாம்."

சிரிப்பில் அவனுக்கு மூச்சு முட்டியது. "நீ இவ்வளவு பொல்லாதவள்னு தெரியாமப் போச்சே" என்றான். பிறகு, வேட்டைக்காரன் அல்லவா, ஒன்று கேட்டான். "அவன் எங்க உட்காருவான்?"

"எப்பவும் போல மேட்டுக்கு அந்தப் பக்கம். ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்தை விட்டு என்னிக்கு அசைஞ்சிருக்கார்?"

அது உண்மை. ஊரிலேயே அசையாமல் உட்காருவதில் ஆர்லிஸை மிஞ்ச ஆளில்லை. டெல்மர் அதை நம்பித்தான் ஒப்புக்கொண்டான்.

"டிரக்கைக் கேட்டுல நிறுத்தாதே. எங்க களஞ்சியத்துக்குப் பின்னாடி விட்டுட்டு வேலி வழியா வா" என்றேன்.

அரசாங்கக் காட்டில் எங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கேட்டில் டிரக் நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வருகிறவர் வேறு கேட்டுக்குப் போய்விடுவார். டிரக் இல்லை என்றால் காடு முழுக்க உங்களுடையது. ஆர்லிஸ் தன் வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டத்தை நம்பி நடந்தவர்.

வெள்ளிக்கிழமை இரவு அவர் தட்டில் பன்றி வறுவலை வைத்தபடி சொன்னேன். "எனக்கு வேட்டையைப் பத்தி என்ன தெரியும். ஆனா சேவல் அவகிட்டதானே போகுது? நீங்க அவளைப் பாத்துப் போனா என்ன?"

"பெட்டைச் சத்தத்தைப் பாத்து ஊர்ந்து போகக் கூடாது வெல்டா. அந்தப் பக்கம் வேற ஆள் உட்கார்ந்திருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிற விஷயம்."

"ஆளிருந்தா கேட்டுல டிரக் இருக்குமே."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அது சரிதான்" என்றார். பிறகு ரொட்டியை எடுத்துத் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அவர் தட்டை வழித்தால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

சனிக்கிழமை விடியலில், ஆர்லிஸ் கிளம்பிப் போன பிறகு, டெல்மர் பின்வாசலுக்கு வந்தான். பெட்டியையும், சுடச்சுட இரண்டு பிஸ்கெட் ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்துத் துணியில் கட்டிய பொட்டலத்தையும் கொடுத்தேன். அவன் பொட்டலத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"துணி சிவப்பும் வெள்ளையுமா இருக்கே."

சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். சேவலென்று யாரும் சுட்டுவிடக் கூடாதே என்று எங்கள் ஆண்கள் அந்த நிறத்தில் காலுறைகூடப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போக மாட்டார்கள்.

"மத்ததெல்லாம் துவைச்சுப் போட்டிருக்கேன், ஈரம். பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளிய எடுத்துராதே."

"எடுக்க மாட்டேன், எடுக்க மாட்டேன்" என்றான். டெல்மருக்குப் பசி தாங்காது. சூரியன் ஏறிவிட்டால் சர்ச்சிலேயே சட்டைப்பையிலிருந்து எதையாவது எடுத்துத் தின்கிறவன்.

நான் பாத்திரம் கழுவினேன். ஜன்னல் திறந்திருந்தது. பெட்டையின் குரல் கேட்டது. அவன் என்னைவிட நன்றாகவே தேய்த்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு அது நின்றது. சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரே ஒரு வெடி. இரண்டாவது கேட்கவில்லை. ஆர்லிஸ் எதிலும் சிக்கனமானவர்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர் கத்திக்கொண்டு ஓடி வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். இதை யாரும் கவனிக்கவில்லை.

டெல்மர் பிழைத்துக்கொண்டான். கழுத்திலும் தோளிலும் சிதறிப் பாய்ந்திருந்த ரவைகளை எடுத்துவிட்டார்கள். இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் சிரித்தான். "இனி குறி பாக்கும்போது ஒரு கண்ணை மூடுற வேலை மிச்சம்" என்றான். ஆர்லிஸ் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரை எடுக்கல வெல்டா. பெட்டி குப்பையில கிடைச்சுது, அண்ணனை ஏமாத்த நானே போனேன்னு சொல்லிட்டேன். அந்தத் துணியும் என்னுதுன்னே சொல்லிட்டேன். எடுக்காதேன்னு நீ சொல்லியும் எடுத்தது நான்தானே" என்றான். நான் அவன் தலையணையைச் சரிசெய்தேன். அவன்மேல் எனக்கு எப்போதுமே பிரியம்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முடியவில்லை. ஆர்லிஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டு வந்தார். சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மேசை முன் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவனுக்கு ஒரு கண்ணைப் பறிச்சுட்டேன். இனி அவனைத் தனியா விட முடியாது. வீட்டை வித்துரலாம். அவன் ஆசைப்பட்ட மாதிரி டெக்சாஸ் போயி, கூடவே இருந்து பாத்துக்கலாம்."

"சேவல்?"

"அந்தப் பேச்சை எடுக்காதே."

மறுநாள் வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வந்து, என் ஜன்னலைத் தட்டிப் பார்த்தான்.

அதன் பிறகுதான் என் மனசாட்சி என்னை உறங்க விடவில்லை. வனத்துறை அதிகாரி ஹாப்ஸுக்குச் செய்தி அனுப்பினேன். நல்ல பையன், ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இங்கே எழுதியிருப்பதை எல்லாம் அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டி, களஞ்சியம், கேட், துணி, கண் டாக்டர். டெல்மர் எங்கே இருப்பான், ஆர்லிஸ் எப்படி வருவார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எல்லாம் எனக்குத் தெரிந்துதான் செய்தேன் என்று சொன்னேன். அவன் காப்பி அப்படியே ஆறிவிட்டது.

"ஆர்லிஸ் மேல வெறும் கவனக்குறைவு கேஸ்தான் போட இருந்தோம்" என்றான் கடைசியில். "டெல்மரும் உங்களைக் காட்டிக் கொடுக்கல. நீங்க சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏம்மா சொன்னீங்க?"

"என் புருஷன் செய்யாத குத்தத்தைச் சுமக்கக் கூடாது தம்பி. அவருக்காகத்தான்."

அதைச் சொன்னதும் மனம் லேசானது. ஆர்லிஸ் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டில், சேவல் ஒரு தரம் கத்தியது. ஹாப்ஸ் பேனாவை மூடி எழுந்தான். நான் ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டு, அவனுக்குப் புதிதாக ஊற்றினேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. கேஸ் நடக்கிற வரைக்கும் இந்த வீட்டை விக்க முடியாதுதானே?"