வக்கீலுக்கு ஒரு வீடு

நாயைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள், சார். "இனிமே இந்த ஜென்மத்துல நாய் வளர்க்க மாட்டேன்" என்பார்கள். காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். மாலையில் நடக்கப் போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒரு நாள், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று காப்பகத்து வாசலில் வந்து நிற்பார்கள். சும்மா பார்க்க வந்தவர் யாரும் சும்மா திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை.

விசாரணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றும். இருக்கிறது. அவசரப்படாமல் கேளுங்கள்.

காப்பகத்தில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருக்கும் சின்ன அறைதான் என்னுடையது. நாயோ பூனையோ வேண்டும் என்று வருகிறவர்களிடம் பேசி, அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்து, எது யாருக்கு ஒத்துவரும் என்று முடிவு செய்வது என் வேலை. கிட்டத்தட்ட கல்யாணத் தரகுதான். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். என்னை எல்லோரும் 'தத்து அக்கா' என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அயல்நாட்டில் இருக்கும் தங்கை மட்டும் எப்போதாவது போனில் பேசுவாள். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் வீட்டுக் குக்கர் சத்தம் போடும், வைத்துவிடுவாள்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒருபோதும் நாய் வளர்த்திராத வீட்டுக்கு நாயைக் கொடுத்தால் பாதி திரும்பி வந்துவிடும். பிள்ளை ஆசைப்பட்டது என்று எடுத்துப் போவார்கள். சோபாவைக் கடித்தது என்று கொண்டுவந்து விடுவார்கள். ஏற்கெனவே ஒன்றை வளர்த்துப் பறிகொடுத்த வீடு அப்படிச் செய்யாது. எதைக் கடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆக, ஊரிலேயே மிக நல்ல வீடு எது என்றால், அண்மையில் சாவு விழுந்த வீடு. இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூண்டுகள் நிரம்பிவிட்டால், அதிக நாள் இருந்தவற்றுக்கு வியாழக்கிழமை காலையில் டாக்டர் ஊசி போடுவார். நல்ல மனிதர். ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காதவர். வேறு வழி இல்லாமல்தான் செய்தார். "பிடிச்சுக்கோங்கக்கா" என்பார். பிடித்துக்கொள்வது நான். முதலில் கழுத்துப் பட்டையில் இருக்கும் பித்தளைத் தகட்டைக் கழற்ற வேண்டும். உயிர் போன பிறகு அதைக் கழற்ற யாருக்கும் மனசு வராது என்பதால் முதலிலேயே கழற்றுவது எங்கள் வழக்கம். இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு வலது கையால் கழற்றுவேன். பழகிவிட்டால் பார்க்கவே வேண்டாம், கை தானாகச் செய்துவிடும். நாய் அதைக் கொஞ்சல் என்று நினைத்து வாலை ஆட்டும். எல்லாம் முடிந்ததும் டாக்டர் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே இருப்பார். நான் வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பேன். இரண்டு கைகளிலும் அந்தச் சூடு இருக்கும்.

வக்கீல் அந்தக் காலத்தில் வந்தவன். ஒரு காது பாதிதான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைப்பான், சோறு வைப்பவரிடம்கூட வாதாடுவான். அதனால் அந்தப் பெயர். என்னிடம் மட்டும் குரைக்க மாட்டான். கூண்டுக் கம்பிக்குள் மூக்கை நீட்டி என் சேலையை முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விடுவான். வருகிறவர்கள் எல்லோரும் அவனைத் தாண்டிப் போய் அழகான குட்டிகளைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவனை விரும்பியவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வேறு ஊரில். துணைக்கு ஒரு கிழட்டு நாய், 'மகாராணி' என்று பெயர். கண் தெரியாது, படி இறங்க முடியாது, அவர்தான் தூக்கிக்கொண்டு இறங்குவார். தடுப்பூசிக்கு அதைக் கொண்டுவரும்போதெல்லாம் வக்கீலின் கூண்டு முன்னால் நின்று பேச்சுக் கொடுப்பார். "என்னப்பா, இன்னிக்கு என்ன வழக்கு?" என்பார். அவன் குரைப்பான். "அடேங்கப்பா, ஜாமீனே கிடைக்காது போலயே" என்பார்.

"எடுத்துக்கோங்களேன்" என்று கேட்டேன்.

"மகாராணிக்கு இன்னொரு நாய் வாசனையே ஆகாதும்மா. அவ இருக்கிற வரைக்கும் அவ வீடு. அவ போனப்புறம் இவன்தான், சத்தியமா."

நியாயமான பேச்சுதான். ஆனால் மகாராணி போகிறபாடாக இல்லை. வக்கீலுக்கு வருகிற வியாழக்கிழமை என்று முடிவாகிவிட்டது. டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இவனை விட்டா இன்னொருத்தனை எடுக்கணும்க்கா. யாரை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண் தெரியாத, நடக்க முடியாத ஒரு உயிர். இன்னும் கொஞ்ச காலம்தான். மறுபக்கம் முழு வாழ்க்கை. நடுவில் ஒரு வீடு. அதில் ஒன்றுக்குத்தான் இடம்.

டாக்டரின் மருந்து அலமாரிச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். ரயில்காரர் வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போனேன். அவர் டீ போட உள்ளே போனார். மகாராணி என் கையிலிருந்து வாங்கித் தின்றாள், பிறகு என் விரலை நக்கினாள். எந்த அவஸ்தையும் படவில்லை. அந்த விஷயத்தில் நான் எப்போதும் கவனமாக இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், நடிப்பு இல்லை. மகாராணி சின்ன வயதில் செய்த சேட்டைகளை எல்லாம் சொன்னார். இடையில் அழுகையை மறந்து சிரித்தார். கடைசியில், "வேற யாருகிட்டம்மா இதைச் சொல்வேன்? நாய்க்குப் போய் இப்படியான்னு கேப்பாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டதே போதும்மா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாரமே வக்கீலைக் கூட்டிப்போனார்.

பலன் கண்ணெதிரே இருந்தது. ஒரு வியாழக்கிழமை ஒரு உயிர் தப்பியது. அதோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது தையற்கடை அம்மாவின் பூனை. அதற்கும் வயதாகிவிட்டது. அந்த அம்மாவும் வந்து, உட்கார்ந்து, அழுது, போகும்போது இரண்டு பூனைகளாக எடுத்துப் போனார். ஒன்றுக்கு இரண்டு. அதற்கப்புறம் தபால்காரரின் நாய், பிறகு மாவு மில்காரர் வீட்டு நாய். இப்படியே போயிற்று. தடுப்பூசி சரியாக நடக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பொறுப்பும் என்னுடையதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்த வீட்டிலும் நாய் என்னைப் பார்த்துக் குரைத்ததில்லை.

எல்லாமே கிழடு என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் கிழடாகப் பார்த்தேன். பிறகு நோயாளியாகப் பார்த்தேன். அப்புறம் நல்ல மனசுக்காரர்கள் வீடாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு நாய்க்கு வயது அதிகம் இல்லை. அவர் மகள் புது நாயைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். குழந்தைகளுக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

என் வீட்டில் நாய் இல்லை. ஏன் என்று நேற்று கேட்டீர்கள். ஒன்றை வளர்த்தால் அதன்மேல் மட்டும் பாசம் வந்துவிடும், இந்த வேலைக்குப் பாரபட்சம் ஆகாது. இதில் எனக்கென்று நான் எதையும் தேடிக்கொள்ளவில்லை.

தத்து எடுத்தவர்கள் முதலில் அடிக்கடி வருவார்கள். "அக்கா, சரியா சாப்பிட மாட்டேங்குது", "அக்கா, ராத்திரியெல்லாம் அழுவுது" என்று போன் செய்வார்கள். பிறகு நாய் பழகிவிடும், வருவது நின்றுவிடும். கடைத்தெருவில் பார்த்தால் நாயைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதுதானே என் வேலையின் வெற்றி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய் ரொட்டி தின்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வியாழக்கிழமைகள் குறைந்தன. ஒரு கட்டத்தில் நின்றேவிட்டன. டாக்டர் ஊசி அறையைக் குளிப்பாட்டும் அறையாக மாற்றினார். வெளியூர்களிலிருந்து எல்லாம் வந்து, "எப்படிங்க சாதிச்சீங்க?" என்று கேட்டார்கள். டாக்டர் என்னைக் காட்டி, "எல்லாம் எங்க தத்து அக்கா கைராசி" என்றார். பத்திரிகையில் படம் வந்தது. தங்கைக்கு அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாள்.

போன மாதம் பெரிய தத்து முகாம் நடத்தினோம். இருந்தது அத்தனையும் போய்விட்டது. கூண்டு கழுவுகிறவர் முதல் டாக்டர் வரை எல்லோரும் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அப்புறம் அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. அடுத்த நாளும் தட்டவில்லை. ஒரு குரைப்புச் சத்தம்கூட இல்லாத காப்பகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காது வலிக்கும்.

அந்த வார விடுமுறையில் ரயில்காரர் வீட்டுக்குப் போனேன். சும்மாதான், பார்த்துவிட்டு வரலாம் என்று. அவர் ஆளே மாறியிருந்தார். வக்கீலோடு நடக்கப் போய்ப் போய் அவருக்கு ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. வெளியே இரண்டு மூன்று பேர் அவரவர் நாயோடு காத்திருந்தார்கள்.

"அடடா, சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா? நாங்க கிளம்பிட்டோமே. இன்னொரு நாள் வாங்க, சாவகாசமாப் பேசலாம்" என்றார். செருப்பைத் தேடி உள்ளே போனார்.

வக்கீல் வந்து என் முழங்கால்மேல் தாடையை வைத்தான். அதே பெருமூச்சு. முகத்தில் நரை விழுந்திருந்தது. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். என் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். வாங்கித் தின்றான். வாதாடவில்லை.

மாட்டிக்கொண்டது அங்கேதான். அவன் தாடையைத் தாங்கியபோது என் வலது கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. நடந்து திரும்பியபோதே கழுத்துப் பட்டையில் தகடு இல்லாததை ரயில்காரர் கவனித்திருக்கிறார். வழியில் விழுந்திருக்கும் என்று தெருவெல்லாம் தேடியிருக்கிறார். விடிந்தபோது வக்கீல் எழுந்திருக்கவில்லை. வெறும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். தகடு என் மேஜைமேல் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கைப்பையைத் திறக்கும்வரை அது என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒளித்துவைக்கத் தோன்றவில்லை, காலையில் கூடவே எடுத்து வந்துவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "மகாராணியுமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததையும் சொன்னேன். இவ்வளவையும் ஒருவரிடம் மொத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனசு லேசாக இருந்தது. அவர்தான் உங்களுக்குப் போன் செய்தார், என் மேஜை போனிலிருந்தே.

ஆமாம், நான்தான் செய்தேன். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். மறைக்க எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதிலாக எந்த உயிர் பிழைத்தது என்று என்னால் சொல்ல முடியும். மகாராணிக்கு வக்கீல். தையற்கடைப் பூனைக்கு அந்த இரண்டு பூனைகள். வாத்தியார் வீட்டு நாய்க்கு, மூன்று கால் நாய் ஒன்று.

வக்கீலுக்குப் பதிலாக எது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்றைக்குக் காப்பகத்தில் ஒரு நாயும் இல்லை, சார். கூண்டுகள் எல்லாம் காலி. ஆனால் அவர் வந்தார். நீங்கள் வந்து சேரும்வரை எழுந்து போகாமல் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.