தாயத்துக்குள் இருந்த பெயர்

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. பொன் தகட்டில் எறும்பளவு எழுத்துப் பொறிக்க இந்தக் கார்த்தேஜ் நகரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். 'இன்னார் பிள்ளை இன்னாரைக் காப்பாற்று' என்று எழுதி, தகட்டைச் சுருட்டிப் பொன் கூட்டில் வைத்து மூடிவிடுவேன். அதன்பின் யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தால் காவல் போய்விடும்.

அந்தக் கோடையில் காய்ச்சல் வந்தது. முதலில் படுத்தவர்களில் என் மகள் அரிஷாத்தும் ஒருத்தி. ஏழு வயது, தாயில்லாப் பிள்ளை. அவள் கழுத்தில் கிடந்த ஒரு தாயத்து போதாது என்று தோன்றியது. ஆகவே ஊரார் பிள்ளைகளுக்குச் செய்த பதினேழு தாயத்துகளிலும் அவள் பெயரையே எழுதினேன். பொன்னில் ஒரு குன்றிமணி குறைக்கவில்லை.

சாயப்பட்டறைக்காரர் மனைவி பத்பால் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, எங்கக்கா வீட்ல எல்லாரும் காய்ச்சல்ல கெடக்காங்க. இவனக் கூட்டிட்டுப் போகலாமா?"

"கழுத்துல தாயத்தத் தொங்கவிட்டுட்டு இப்படிப் பயந்து சாகலாமா? தாராளமாப் போம்மா."

காய்ச்சலோடு நேருக்கு நேர் நின்றால்தானே காவல் தெய்வம் கண் விழித்து, உள்ளே பெயர் இருப்பவளைக் காக்கும்? மற்றவர்களையும் அப்படியே அனுப்பினேன். பதினேழு பிள்ளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரிஷாத் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளைகளைத் தாயத்தோடுதான் புதைக்கிறோம். ஒருவரை ஒழிக்க நினைப்பவனும் அவர் பெயரைத் தகட்டில் எழுதி, அகாலத்தில் செத்தவர் குழியில்தான் போடுகிறான். செத்தவர் வந்து பெயர் சொல்லி அழைத்துப் போவார். என் மகள் பெயரைப் பதினேழு குழிகளில் நானே போட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, வெளாடக் கூப்புடுறாங்க."

"அங்க யாரும் இல்லடி."

"பத்பால் அத்தை மகன் நிக்கிறானே. மத்தவங்க பின்னாடி நிக்கிறாங்க. எல்லாருக்கும் என் பேரு தெரியுது."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது, ஐயா. அவள் மறுபடியும் கஞ்சியைத் தொடுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று பட்டப்பகலில், என் மகள் பெயரை வெளியே எடுக்கப் பத்பால் மகனின் குழியைத் தோண்டும்போது உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தார்கள். பொன் திருட வந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அந்தத் தாய்மார்களைக் கூப்பிட்டு, மிச்சக் குழிகளையும் திறக்கலாமா என்று கேளுங்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே. ஒரு குழந்தையின் உயிர் என்றால் மாட்டேன் என்றா சொல்வார்கள்?