இத்தா வீட்டில் ஒரு விளம்பரம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி, வீட்டில் தையல் தொழில் செய்பவள், தோழியிடம் சொன்னாள்:

"கண்காட்சியில கடை போட்டும் ஒரு ஓடர் வரல்ல புள்ள. ராத்தாட இத்தாதான் கைகொடுத்திச்சி." ராத்தா என்றது அவள் அக்காவை; இத்தா, கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம்.

"என்ன கதைக்காய்? உன்ட மச்சான் மௌத்தாகி ஒரு மாசம்கூட ஆகல்லயே."

"ஓம். இன்னும் மூணு மாசத்துக்கு மேல ராத்தா வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளதான் இருக்கணும். ஊர்ப் பொம்புளையெல்லாம் பாக்க வாறாங்க. ராத்தா உடுத்திருக்கிறது நான் தச்ச உடுப்பு. துணியத் தொட்டுத் தொட்டுக் கேக்கிறாங்க. என்ட தையல் கார்ட பிஸ்கட் தட்டுலயே வெச்சிருக்கன்."

"அல்லாஹ்வே. ராத்தா ஒண்டும் சொல்லல்லயா?"

"அவ அழுதுக்கிட்டே இருக்கா. எங்க அதப் பாத்தா?"

தோழி முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் கையிலிருந்த டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பஸ் நிந்தவூரைத் தாண்டியது. பிறகு தோழி மெதுவாகக் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு கார்ட் தா. எங்கட மாமாவுக்கு இனிப் பொழைக்க ஏலாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். மாமிக்குக் கொஞ்சம் பெரிய சைஸ் வேணும்."