துக்கப் போஸ்டருக்கு ஒரு கீ

“துக்கப் போஸ்டருக்குன்னே நான் ஒரு கீ வச்சிருக்கேன்.”

செண்பகனூரில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்களில் மூத்தவள் இப்படிச் சொன்னாள். அதன் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இருவரும் கொடைக்கானலில் ஒரே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அது எதுக்குக்கா?” என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

“செவுத்துல ஒட்டுன போஸ்டரத்தானே காரியத்துக்குக் கார்டாச் சுருக்குறோம். படம் சுருங்கும், சுத்தியிருக்க கருப்புக் கோடு சுருங்காது. தடிச்சுப்போயி மூஞ்சிய மறைக்கும்.”

“ஆமாக்கா. நேத்து அதுக்குத்தான் மொதலாளி என்னைய வஞ்சாரு.”

“கோடும் சேந்து சுருங்கணும்னா மெனுவுக்குள்ள போயித் தேடி டிக் பண்ணணும். நான் அதுக்குக் கீபோர்டுல எஃப் ஏழு கீயக் குடுத்துட்டேன். ஒரு தட்டுத் தட்டுனா வெரசா முடிஞ்சிரும்.”

“என் கம்ப்யூட்டர்லயும் வச்சுக் குடுங்கக்கா.”

“வச்சுத் தர்றேன்.”

பஸ் இரண்டு வளைவு ஏறியதும் மூத்தவளே தொடர்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு காரியக் கார்டும் நான்தான் பண்ணுனேன். வேற யாரையும் தொட விடல.”

“அதுக்கும் எஃப் ஏழுதானாக்கா?”

“இல்ல. கீயத் தொடல. ஒவ்வொரு கோடாப் புடிச்சு, கையாலயே மெலிசாக்குனேன். பொழுதே எறங்கிருச்சு.”

“ஏங்க்கா?”

கண்டக்டர் சில்லறை கேட்டு வந்தார். அவர் நகர்ந்த பிறகுதான் பதில் வந்தது.

“எழவுக்கு வந்திருந்த சனமெல்லாம் அன்னைக்கு வெள்ளனே கெளம்பிப் போயிருச்சு. முடிச்சுட்டா நான் வீட்டுக்குப் போகணும்ல.”