சந்தோஷபாய் அக்கா பெயர் இருந்த ஓரம்

அப்புறம்... ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். சற்று முன் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்களே, அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? சமையல் கொட்டகையில், வெங்காய மூட்டைக்குப் பின்னால். காபி குடிக்கப் போனதாக எல்லாரிடமும் சொன்னேன். காபியெல்லாம் இல்லை. பயம். இந்த மைக்கைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்கு எங்கேயாவது ஓடி ஒளியத் தோன்றும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பயந்தவர்களைப் பற்றித்தான் கையில் ஒரு சின்னக் கதை இருக்கிறது, கேளுங்கள்.

எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு மலை மேலே ஒரு ஊருக்கு மாற்றலானது. ஐயரம்மா அந்தக் குளிரில் என்ன செய்வார்கள்? பெண்கள் சங்கத்தில் கூடிப் பேசி, ஒட்டுப் போட்ட போர்வை ஒன்று தைத்துக் கொடுப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் அவரவர் பெயரை நூலால் தைத்திருக்க வேண்டும். அளவு? ஒன்றரைச் சாண்.

யார் கைச் சாண்?... அதை ஒருத்தியும் கேட்கவில்லை.

சதுரங்கள் வந்து சேர்ந்தன. சின்னக் கைக்காரி சதுரம் கைக்குட்டை மாதிரி, பெரிய கைக்காரி சதுரம் தலையணை உறை மாதிரி. அத்தனையையும் இணைத்து, நடுவில் பழைய கம்பளி, அடியில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தது என் பக்கத்து வீட்டு எப்சிபாய். ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். அவள் வீட்டில் அடுப்பு எரிவதே எங்கள் சங்கத்துப் பெண்கள் கொடுக்கிற தையலால்தான். உள்ளே இழுத்துப் பிடித்து எப்படியோ சரிக்கட்டிவிட்டாள். மிச்சமெல்லாம் ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. விரித்துப் பார்த்தால் எலி கடித்த அப்பளம். இனி ஓரத்தை நேராக வெட்டி, சுற்றிலும் பட்டி வைத்து மடித்துத் தைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் வெளிவரிசைக்காரர்கள் பெயரை எங்கே தைத்திருந்தார்கள்? ஓரத்தில். விளிம்பை ஒட்டி. வெட்டினால்... பெயர் போகும்.

அதிலும் ஒரு மூலையில் நாலு விரற்கடை துருத்திக்கொண்டு, சிவப்பு நூலில், "திருமதி சந்தோஷபாய் தேவசகாயம்".

அந்த அக்காவை உங்களுக்குத் தெரியாது. யாரையும் திட்டவே மாட்டார்கள். ஜெபம் பண்ணுவார்கள். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, குரல் தழுதழுக்க, "கர்த்தாவே... கருகினதைக் காணிக்கையாய்க் கொண்டுவருகிற சகோதரியை மன்னியும்" என்று உருகினார்கள். பெயர் சொல்லவில்லை. அன்றைக்குக் கேக் கொண்டுவந்தது ஒரே ஒரு ஆள்தான். அதற்கப்புறம் அந்தப் பெண்ணிடம் யாராவது கேக் வாங்கினார்களா? இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போர்வையைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்க்கிறேன், மடித்தது மடித்தபடி கிடக்கிறது. மெஷினில் பெல்ட் தளர்ந்துவிட்டது என்றாள். அப்புறம் விரலில் வலி என்றாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்... ஒரு கீறல்கூட இல்லை.

"மைனி, நெசத்தச் சொல்லுதேன். கத்திரியத் தொட்டாலே அந்த அக்கா ஜெபம் பண்ணுத சத்தம் காதுல கேக்கு. நாளைக்கு எனக்கு யாரு துணி குடுப்பா?"

"வெட்டுட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன் வீரமாக. என்னத்தைப் பார்த்துக்கொள்வேன்? என் கால் அப்போதே வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

சாக்கட்டியால் கோடு போட்டாள். கோடு பாம்பாக நெளிந்தது. தட்டி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கத்திரியை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? போர்வையைத் திருப்பித் திருப்பித் தேடி, தன் பெயர் இருந்த பக்கத்தை முன்னால் இழுத்து, முதல் வெட்டை அங்கே போட்டாள். "எப்சி" தரையில் விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்தது ஒங்களுது, மைனி."

அது அனுமதி கேட்கிற குரல் இல்லை. கண் வலிக்க வலிக்க நான் தைத்த பெயரும் கீழே விழுந்தது. குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டேன். அவளுக்குக் கை கொஞ்சம் நிதானமானது.

அந்த மூலை வந்தது... கத்திரி நின்றது. நான் டீ போடுகிறேன் என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். டீ போட்டேனா? காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பொத்தியும் கேட்டது. நறுக்... நறுக்... அப்புறம் மெஷின் ஓடுகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை. போர்வை ஐயரம்மா மடியில். "சந்தோஷபாய் அக்கா ஜெபம் பண்ணுவார்கள்" என்றார் ஐயர். எல்லாரும் கண்ணை மூடினார்கள், எப்சி மூடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கா ஐயருக்காக ஜெபித்தார்கள். மலைப்பாதைக்காக, லாரி டிரைவருக்காக ஜெபித்தார்கள். கை மட்டும் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகிறது... அந்த மூலைக்குப் போகிறது...

"கர்த்தாவே... இந்த ஓரத்தை..."

நிறுத்தினார்கள். எப்சி என் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"...இந்த ஓரத்தை இவ்வளவு நேர்த்தியாய்க் கட்டின கரங்களை ஆசீர்வதியும்."

ஆமென் என்று முதலில் கத்தியது நான்தான். ஜெபம் அப்போது முடியவேயில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன், சகோதரிகளே? உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஓரம் கட்டாத போர்வை கிடக்கிறது? எல்லாவற்றையும் முடித்துவிட்டு, யார் என்ன சொல்வார்களோ என்று மடித்துப் போட்ட வேலை... கிடக்கிறதா இல்லையா? எப்சிக்குப் பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே வெட்டினாள். முதல் வெட்டைத் தன் துணியில் போட்டாள். நீங்களும் அங்கேயிருந்து ஆரம்பியுங்கள். துணிந்தவளிடம் எப்பேர்ப்பட்டவரும் இறங்கி வருவார்கள். சந்தோஷபாய் அக்காவே மன்னித்து ஆசீர்வதிக்கவில்லையா? இதை நான் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த அக்கா பக்கத்தில் இடம் கிடைத்தது. போர்வையில் உங்கள் பெயரை வெட்டின கையையே ஆசீர்வதித்தீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று புகழ்ந்தேன். அவர்கள் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, எம் பேரு அதுல இருந்துச்சா? நான் டவுன்ல ஒரு கடையிலல்லா குடுத்துத் தைச்சு வாங்குனேன். கவரப் பிரிச்சுக்கூடப் பாக்காம அப்படியேல்லா சங்கத்துல குடுத்தேன்."